உமா ஓயாவின் தண்ணீர்: கொடுக்கிற பள்ளத்தாக்குக்கு என்ன உரிமை?

பீலிக்கரை

காவிரிக்கும் சிந்துவுக்கும் அயல் மாநிலங்களும் அயல் நாடுகளும் அடித்துக்கொள்வதைப் பற்றி இந்த இணைய மன்றத்தில் பல இழைகள் ஓடிவிட்டன. இலங்கை ஒரு தீவு, எல்லை கடக்கிற ஆறு நமக்கில்லை, அதனால் அந்தப் பிரச்சினையும் இல்லை என்று போன இழையில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாட்டு எல்லை இல்லாவிட்டாலும் மாகாண எல்லை இருக்கிறது, ஆற்றுப்படுகை எல்லை இருக்கிறது. உமா ஓயாவைப் பாருங்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: உமா ஓயா மகாவலி ஆற்றின் கிளை. நுவரெலியாப் பக்கத்து மலைகளில் பிறந்து, வெலிமடைப் பக்கமாக இறங்கி, ரன்தம்பேயில் மகாவலியோடு சேர்கிறது. இப்போது புஹுல்பொலவில் 35 மீற்றர் உயர அணை ஒன்று அதை மறிக்கிறது. அங்கிருந்து நாலு கிலோமீற்றருக்குக் கிட்டிய இணைப்புச் சுரங்கம் தண்ணீரை மஹதொட்டில ஓயாவில் கட்டிய 50 மீற்றர் டயரபா அணைக்குக் கொண்டுபோகிறது. டயரபாவிலிருந்து பண்டாரவளை மலைக்கு அடியால் 15 கிலோமீற்றருக்கு மேல் நீளும் தலைமைச் சுரங்கம். முடிவில் கரந்தகொல்லையில் நிலத்தடி மின்நிலையம், 60 மெகாவொட் இயந்திரம் இரண்டு. மின்சாரம் எடுத்த தண்ணீர் திரும்ப மகாவலிக்கு வருவதில்லை. கிரிந்தி ஓயாப் படுகைக்குள் விழுந்து வெல்லவாய, தணமல்வில, அம்பாந்தோட்டைப் பக்கம் போய்விடுகிறது. ஆண்டுக்கு 145 மில்லியன் கனமீற்றர் என்பது திட்டக் கணக்கு. காவிரிக் கணக்கில் சொன்னால் ஐந்து டிஎம்சிக்குச் சற்று மேல். 2008இல் தொடங்கிய வேலை, 2024 ஏப்ரல் 24இல் திறப்பு விழா.

இது மாகாணத்தோடு மாகாணம் பேசி ஒப்பந்தம் போட்டு எடுத்த தண்ணீர் அல்ல. மத்திய அரசு தீர்மானித்து எடுத்தது. ஒரு படுகையின் நீரை இன்னொரு படுகைக்குத் திருப்பினால், கொடுக்கிற பக்கம் மூன்று விஷயங்களைக் கேட்க உரிமை உண்டு என்பது என் வாதம்: அணைக்குக் கீழே ஆற்றில் எப்போதும் விட வேண்டிய அளவு, சுரங்கப் பாதையில் நிலத்தடி நீருக்கான நிரந்தரப் பொறுப்பு, மின்வருமானத்தில் ஒரு பங்கு. மறுப்பவர்கள் எழுதுங்கள்.

மாகம் நானா

சலாம். கீழே இருப்பவன் பக்கத்தையும் கேளுங்கள்.

கிரிந்தி ஓயாவில் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தை 1980களில் கட்டியபோது, ஆற்றில் வரக்கூடிய நீரைக் கூட்டி மதிப்பிட்டுவிட்டார்கள். கட்டி முடித்த பிறகுதான் நீர்ப் பற்றாக்குறை என்ற பள்ளம் தெரிந்தது. திஸ்ஸ, யோத, வீரவில, தெபர, பன்னேகமுவ என்ற ஐந்து பழைய குளங்களின் கீழ் இருக்கும் எல்லேகல வயற்பரப்புக்கு முதல் உரிமை. அவர்களுக்குக் கொடுத்து மிஞ்சினால்தான் புதிதாகக் குடியேற்றப்பட்டவர்களுக்கு. மழை குறைந்த சிறுபோகத்தில் மிஞ்சாத ஆண்டுகளே அதிகம். ஒரே ஆற்றில், ஒரே மாவட்டத்தில், பழைய உரிமைக்காரனும் புதிய குடியேற்றக்காரனும் எத்தனை கூட்டத்தில் முகம் திருப்பிக்கொண்டார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். உமா ஓயாத் தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் வருகிறது.

இன்னொன்று. மாகாண எல்லை என்று எழுதினீர்கள், அதாவது ஊவா மாகாணம் கொடுக்கிறது என்கிறீர்கள். மொனராகலையும் ஊவாதானே? வெல்லவாயவும் ஹந்தபானாகலவும் ஊவாவுக்குள் இருப்பவை. பதுளை மாவட்டம் கொடுக்கிறது, மொனராகலை மாவட்டம் வாங்குகிறது, அதற்குப் பிறகுதான் தென் மாகாணம். மாகாணக் கோடு போட்டு இந்த வழக்கை நடத்த முடியாது.

காவிரியில் நம்மில் யாரும் கர்நாடகத்தின் பக்கம் நிற்பதில்லை. ஆறு பிறக்கும் இடம் எங்களது, ஆகவே தீர்மானமும் எங்களது என்று அவர்கள் சொன்னால் கோபம் வருகிறது. அதே வார்த்தையை வெலிமடையிலிருந்து சொன்னால் மட்டும் எப்படி நியாயமாகும்?

தலவாக்கலை டேர்பைன்

உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள், அண்ணன்மாரே.

கரந்தகொல்லையில் தண்ணீர் விழும் உயரம் ஏறத்தாழ 700 மீற்றர். ஒரு கனமீற்றர் நீர் அந்த உயரத்திலிருந்து விழுந்தால், உராய்வு, இயந்திர இழப்பு எல்லாம் கழித்து 1.6 யுனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக மின்சாரம் கிடைக்கும். அதே ஒரு கனமீற்றர் இயல்பாக ஓடி ரன்தம்பே மின்நிலையத்துக்குப் போனால் அங்கே விழும் உயரம் முப்பது மீற்றரை ஒட்டியது. கிடைப்பது 0.07 யுனிட். ஆக, திருப்பியதால் ஒரு கனமீற்றருக்கு இருபது மடங்குக்கு மேல். 145 மில்லியனை 1.6ஆல் பெருக்கினால் 232 மில்லியன் யுனிட். திட்ட அறிக்கையில் சொல்லும் 231 கிகாவொட் மணியோடு (231 மில்லியன் யுனிட்) இது சரியாகப் பொருந்துகிறது. அதே அளவு யுனிட்டை டீசலிலோ உலை எண்ணெயிலோ எடுத்தால் வெளிநாட்டுக் காசு எவ்வளவு போகும் என்று 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பயன் நேரம். இரண்டு இயந்திரமும் முழுச் சுமையில் ஓட நொடிக்கு 20 கனமீற்றர் வேண்டும். திருப்பும் நீரோ ஆண்டுச் சராசரியில் நொடிக்கு 4.6 கனமீற்றர்தான். எனவே நாளைக்குச் சராசரி ஐந்தரை மணிநேரம்தான் முழுச் சுமை. பின்னேரம் ஆறரைக்கு எல்லா வீட்டிலும் மின்விளக்கு எரியும் அந்த உச்ச நேரத்தில் 120 மெகாவொட்டை உடனே கொண்டுவர முடிகிறது. சூரிய மின்சாரம் கூடக்கூட இதன் மதிப்பும் கூடும்.

பங்கு கேட்பது பற்றி: எந்த மாகாணம் எந்த ஓடையைக் கொடுத்தது என்று மின்சார சபை பங்கு பிரிக்கத் தொடங்கினால், 1976இல் பொல்கொல்லையில் திருப்பிய மகாவலிக்கும் கணக்குக் கேட்க வேண்டும். அப்புறம் வலையமைப்பை நடத்தவே முடியாது.

பீலிக்கரை

டேர்பைன் தம்பி, மின்சாரக் கணக்கில் குறை காணவில்லை. ஆனால் பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டீர்கள். வரண்ட வலயத்தில் ஒரு ஹெக்டேயர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 10,000 முதல் 15,000 கனமீற்றர் வரை போகிறது. நடுவில் 12,000 என்று வைத்தால் 145 மில்லியன் கனமீற்றரில் இரண்டு போகமும் செய்யக்கூடியது சுமார் 6,000 ஹெக்டேயர். கிரிந்தி ஓயாப் பக்கம் கூடும் அதே 6,000 ஹெக்டேயருக்குரிய நீர், ரன்தம்பேக்குக் கீழே மினிப்பே அணைக்கட்டிலும், அதன் வலதுகரைக் கால்வாய் வழியாக உல்ஹிட்டிய, மாதுரு ஓயாப் பக்கத்திலும் குறைகிறது. நெல்லில் நாட்டுக்கு நிகர லாபம் இல்லை, இடம்தான் மாறுகிறது. நிகர லாபம் மின்சாரம் மட்டுமே. அப்படியானால் அந்த லாபத்திலிருந்து இழந்தவனுக்குக் கொடு என்று கேட்பதில் என்ன தவறு? வலையமைப்பைப் பிரிக்கச் சொல்லவில்லை. யுனிட்டுக்கு இத்தனை சதம் என்று ஒரு நிதியில் போடச் சொல்கிறேன்.

பொல்கொல்லைக்கும் கேட்க வேண்டும் என்றால், ஆம், கேட்க வேண்டும்.

மாகம் நானா, ஆறு எங்கள் சொத்து என்று நான் எழுதவே இல்லை. காவிரியில் தமிழ்நாடு கேட்பதும் சொத்தை அல்ல, அளவையும் உத்தரவாதத்தையும்தான். நான் கேட்பதும் அதுவே. படுகைக்குள் கீழே இருப்பவனுக்கு ஆறு இயல்பாக வந்து சேரும். இங்கே வாங்குகிறவர் அந்த ஆற்றின் கீழ்க்கரைக்காரரே அல்ல. மலையைத் துளைத்து எடுத்துப்போகிறார். துளைத்ததால் வந்த கேட்டை மறந்துவிட வேண்டாம்: 2014 டிசம்பரிலும் 2017 ஏப்ரலிலும் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டு, பண்டாரவளையைச் சுற்றி ஹீல் ஓயா போன்ற ஊர்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017 ஜூனில் பண்டாரவளை வீதியை மக்கள் நிரப்பினார்கள்.

சுரங்க அளவையாளன்

கிணறு வற்றியதற்கு யார் பொறுப்பு என்பதற்கு முன் எப்படி வற்றியது என்பது தெளிவாக இருந்தால் வாதம் உருப்படியாகப் போகும்.

அந்த மலையின் அடிப்பாறை கெட்டியான உருமாறிய பாறை. நைஸ், குவார்ட்சைட், இடையிடையே சலவைக்கல் பட்டைகள். பாறையின் உடம்புக்குள் நீர் ஊறாது. வெடிப்பிலும் முறிவு வலயத்திலும்தான் ஓடும். அதற்கு மேலே உக்கிய பாறையும் மண்ணும் பல மீற்றர் தடிப்பில் கிடக்கிறது. கிணறும் பீலியும் (மலை ஊற்றுநீர் விழும் குழாய்வாய்) அந்தப் போர்வையிலிருந்து வருபவை. மேலே உள்ள போர்வைக்கும் கீழே உள்ள வெடிப்புக்கும் தொடர்பு இருக்கும் இடத்தில், சுரங்கம் வெடிப்பை வெட்டியவுடன் போர்வை கீழ்நோக்கி வடியும். மேலே கிணறு வற்றுவது முதல் கட்டம். இரண்டாவது கட்டம், மண் துளைகளில் இருந்த நீரமுக்கம் இறங்க, மண் சுருங்கி அமுங்குவது. ஒரே அளவில் அமுங்கினால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டின் ஒரு மூலை பாறையிலும் மறு மூலை நிரப்பிய மண்ணிலும் இருந்தால் யன்னல் மூலையிலிருந்து சரிவாக வெடிப்பு ஓடும்.

இதைத் தடுக்கும் முறை புதிதல்ல. துளைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் 30 மீற்றர் வரை ஆய்வுத் துளை போட வேண்டும். துளையில் நீர் வந்தால் இயந்திரத்தை நிறுத்தி, முன்னாலேயே சீமெந்துக் கலவையை அமுக்கத்தில் ஏற்றி வெடிப்பை அடைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். வேலை மெதுவாகும், செலவு கூடும், அதனால்தான் தவிர்க்கப் பார்ப்பார்கள். இரட்டைக் கவச இயந்திரத்தில் கவசம் குறுக்கே இருப்பதால் துளை போடும் கோணங்களும் குறைவு. நீர் பாய்ந்த பிறகு பின்னாலிருந்து கலவை ஏற்றினால், ஓடும் நீர் சீமெந்தைக் கழுவிக்கொண்டு போகும். ஓர் இடத்தை அடைத்தால் அமுக்கம் கூடிப் பக்கத்து வெடிப்பில் கிளம்பும்.

அதிகம் பேசப்படாத ஒரு பலவீனம் இருக்கிறது. இந்த வகைச் சுரங்கத்தில் சுற்றுச்சுவர் முன்வார்ப்புக் கொங்கிரீட் துண்டுகள். துண்டுக்கும் பாறைக்கும் இடையில் வரும் இடைவெளியைப் பொடிச் சல்லியால் நிரப்பி, பிறகு அந்தச் சல்லிக்குள் சீமெந்துப் பால் ஏற்ற வேண்டும். எங்கேயாவது பால் சரியாக ஏறாமல் விட்டால் சல்லிப் படை சுரங்கத்தின் நீளத்துக்கு ஒரு வடிகாலாகிவிடும். கசிவு ஓர் இடத்தில், வற்றும் கிணறு இரண்டு கிலோமீற்றர் தள்ளி என்று ஆகும்போது கிணற்றுக்காரர் எதை நிரூபிக்க முடியும்?

அளவு தெரிய வேண்டுமானால்: குடியிருப்புக்கு அடியால் போகும் சுரங்கங்களில் நோர்வே போன்ற நாடுகளில் 100 மீற்றருக்கு நிமிடத்துக்கு 2 முதல் 10 லீற்றர் வரைதான் கசியலாம் என்று வரம்பு வைப்பார்கள். 5 லீற்றர் என்று எடுத்தால் 15 கிலோமீற்றர் முழுவதற்கும் சேர்த்து நொடிக்கு 13 லீற்றருக்கும் கீழே. இங்கே பீறிட்டபோது வந்தது நொடிக்கு நூற்றுக்கணக்கான லீற்றர். ஒப்பந்தத்தில் முதலிலேயே ஒரு வரம்பு எழுதி, தாண்டினால் வேலை நிற்கும் என்று போட்டிருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

அப்புத்தளைக் காற்று

ஒரு கேள்வி. இப்போது சுரங்கம் நிறையத் தண்ணீர் ஓடுகிறதே, இனிக் கிணறுகளுக்கு ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

சுரங்க அளவையாளன்

முழுக்க அப்படி எடுக்க முடியாது. சுரங்கம் நிறைந்திருக்கும்போது உள்ளமுக்கம் வெளியமுக்கத்துக்கு எதிர் நிற்பதால் உள்கசிவு குறையும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனைக்காகச் சுரங்கத்தை வெறுமையாக்க வேண்டிவரும். அப்போது வெளியிலிருந்து மறுபடி உள்ளே வடியும். சுவரைப் பாதுகாக்கவே மெதுவாகத்தான் இறக்குவார்கள். கிணற்றுக்காரர்களும் அதற்கு முன்னும் பின்னும் மட்டம் எடுத்து வைக்க வேண்டும். ஆகவே வெறுமையாக்கும் திகதியை முன்கூட்டியே பிரதேச செயலகத்தில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மாகம் நானா

அளவையாளன் எழுதியதை மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. அந்தச் சனத்துக்கு வீடும் தண்ணீரும் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது சுரங்கம் வெட்டிய முறையில் வந்த பிழை. தண்ணீரைப் பகிர்ந்ததில் வந்த பிழையல்ல. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "ஆகவே திருப்பியது அநியாயம்" என்று முடிக்காதீர்கள்.

பீலிக்கரை

இரண்டும் தனித்தனி என்பதை ஏற்கிறேன். ஆனால் இழப்பீட்டில் ஒன்று விட்டுப்போகிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டு வெடிப்புக்கு இழப்பீடு என்றால் முதலில் கேட்பது காணி உறுதி. தோட்டத் தொழிலாளர் லயத்தில் (வரிசை வீடுகளில்) இருக்கிற குடும்பத்திடம் உறுதி கிடையாது, கட்டடம் தோட்டத்துக்குச் சொந்தம். பீலி வற்றினாலும் அதே கதைதான். கிணறு என்றால் சொந்தக்காரர் உண்டு. ஐம்பது குடும்பம் குளித்து, துவைத்து, குடிநீர் பிடிக்கிற பீலிக்குச் சொந்தக்காரர் பெயர் எந்தப் பதிவிலும் இருக்காது. பயன்படுத்துகிறவரை வைத்து இழப்பீடு கணிக்காத எந்த முறையும் மலையகத்தில் பாதிப் பேரை வெளியே விட்டுவிடும்.

சட்டப்பக்கம்

சட்டத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று பார்ப்போம்.

முதலில் உள்நாடு. 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி, பயன்பெறும் நிலம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாகாணங்களில் இருக்கும் நீர்ப்பாசன, காணி அபிவிருத்தித் திட்டங்கள் மத்திய அரசின் பொறுப்பு. மகாவலித் திட்டமே அங்கு உதாரணமாகக் குறிப்பிடப்படுகிறது. எனவே ஊவா மாகாண சபை "எங்கள் ஆறு" என்று தடை கேட்க முடியாது. அந்த அளவில் மாகம் நானா சொல்வது சரி. ஆனால் ஒரே அரசாங்கம் இரண்டு பக்கத்துக்கும் பொறுப்பு என்பதால், இந்தியாவில் இருப்பதுபோல மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் இடையில் தீர்ப்பாயம் போகும் வழியும் இங்கே கிடையாது. கொடுக்கிற பக்கத்துக்கு வழக்காட ஓர் ஆளே இல்லாமல் போகிறது.

இனி வெளிநாடு. ஆற்றின் மேல்பகுதியில் இருப்பவனுக்கு முழு உரிமை என்ற வாதத்துக்குப் பெயர்போனது 1895இல் அமெரிக்கச் சட்டமா அதிபர் ஹார்மன் கொடுத்த கருத்து. ரியோ கிராண்ட் நீருக்காக மெக்சிகோ முறையிட்டபோது, கொடுக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை என்றார். பதினொரு ஆண்டு கழித்து, 1906இல், அதே அமெரிக்கா ஆண்டுக்கு 60,000 ஏக்கர் அடி கொடுப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டது. நம் அளவில் 74 மில்லியன் கனமீற்றர், உமா ஓயாத் திருப்பலில் சரிபாதி. இப்போது உலகம் ஏற்கும் வரி, 1997இன் ஐ.நா. நீர்வழிச் சாசனத்தில் 5ஆம், 7ஆம் உறுப்புரைகளில் இருக்கிறது: நியாயமான பயன்பாடு, குறிப்பிடத்தக்க தீங்கு செய்யாமை.

நம் வழக்குக்கு மிகக் கிட்டியது கிஷன்கங்கா. இந்தியா ஜீலத்தின் ஒரு கிளையை 23 கிலோமீற்றருக்கு மேல் நீளும் சுரங்கத்தால் திருப்பி 330 மெகாவொட் எடுக்கிறது. கீழே பாகிஸ்தானும் அதே ஆற்றில் 969 மெகாவொட் திட்டம் வைத்திருந்தது. 1960 சிந்து ஒப்பந்தத்தின் கீழ் ஹேக் நடுவர் மன்றம் 2013இல் சொன்னது: திருப்பலாம், ஆனால் அணைக்குக் கீழே எந்த நேரத்திலும் நொடிக்கு 9 கனமீற்றருக்குக் குறையக் கூடாது, ஆற்றில் அதற்கும் குறைவாக வந்தால் வருவதை முழுக்க விட வேண்டும். மணல் கழுவ நீர்த்தேக்கத்தில் எடுக்காமல் எப்போதும் தேங்க விடும் மட்டத்துக்குக் (dead storage) கீழே நீரை இறக்கவும் கூடாது என்றது. திருப்பும் உரிமையும் விட வேண்டிய கடமையும் ஒரே தீர்ப்பில் இருப்பதைக் கவனியுங்கள். 2025 ஏப்ரலில் இந்தியா அந்த ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்துவிட்டது என்பது தனிக் கவலை. ஆனால் தீர்ப்பின் தர்க்கம் அப்படியே நிற்கிறது.

காவிரியில் கவனிக்க வேண்டியது எண் அல்ல, இடம். 2018இல் உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி என்றபோது அது அளக்கப்படும் இடமாகப் பிலிகுண்டுலுவையும் மாதாமாதம் எவ்வளவு என்ற அட்டவணையையும் சேர்த்தே வைத்தது. அளக்கும் இடம் எழுதப்படாத உரிமையைக் கேட்டு வாங்க முடியாது.

வெலிமடைக் கிழங்கு

எல்லாரும் தண்ணீரைப் பேசுகிறீர்கள், மண்ணை யாரும் பேசவில்லை. மேல் மகாவலியில் அதிக மண் அரித்துக்கொண்டு வரும் கிளைகளில் உமா ஓயா முன்னுக்கு நிற்கிறது. ரன்தம்பேயில் படிந்திருக்கும் சேறு அதற்குச் சாட்சி. இனிமேல் அந்தச் சேற்றில் பெரும்பங்கு புஹுல்பொலவுக்கும் டயரபாவுக்கும் போகும். அவை சின்ன நீர்த்தேக்கங்கள், சீக்கிரம் நிரம்பும்.

அதற்கு மேல் டேர்பைன் தம்பி தொடாத ஒன்று. 700 மீற்றரிலிருந்து வரும் நீர் முனைக்குழாயை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு 117 மீற்றர். அந்த வேகத்தில் நம் மலையின் குவார்ட்ஸ் மணல் கொஞ்சம் கலந்திருந்தாலும் நீர்த்தாரை அடித்துச் சுழலும் பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களையும் முனை ஊசியையும் அராவித் தின்றுவிடும். கிண்ணத்தின் நடு விளிம்பு மழுங்கினால் செயல்திறன் இறங்கும். சக்கரத்தைக் கழற்றி வெல்ட் செய்து தேய்த்து எடுக்க வேண்டும். ஆகவே மேட்டில் மண் அரிக்காமல் இருப்பது கீழே மின்நிலையத்தின் சொந்த நலன்.

விவசாயி ஏன் மண்ணை விடுகிறான் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். உருளைக்கிழங்குப் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட்டால் மண் நிற்கும். ஆனால் தண்ணீரும் நிற்கும், கிழங்கு அழுகும், வாடல் நோய் பரவும். அதனால் சரிவோடு மேலிருந்து கீழாகப் போடுகிறான். 1951இன் மண் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மிரட்டினால் இது மாறாது. குறுக்குப் பாத்தியும் வேண்டும், அதோடு சில பாத்திக்கு ஒன்றாக ஒரு கான் (வடிகால்), நூற்றுக்கு ஒன்று சரிவில் மெதுவாக நீரைப் பக்கத்துக்கு எடுத்துப்போகிற மாதிரி வெட்டி, கானின் கீழ்க்கரையில் கிளிரிசிடியாவோ புல்லோ வேலியாக வைக்க வேண்டும். கானுக்கு இடையில் சேற்றுக்குழி விட்டு, மழைக்குப் பிறகு அந்த மண்ணை அள்ளி மேலே போட வேண்டும். பராமரிப்பில்லாத கான் ஒரு கனமழையில் உடைந்தால் கானே இல்லாததைவிட மோசமாக மண்ணை வாரிக்கொண்டு போகும். இதற்கெல்லாம் ஆட்கூலி வேண்டும். யார் கொடுப்பது? வருமானத்தில் பங்கு என்று பீலிக்கரை கேட்பது இதற்குத்தான் முதலில் வர வேண்டும் என்பேன். மாகாண நிதிக்குப் போனால் எங்கள் கானுக்கு வந்து சேராது.

தலவாக்கலை டேர்பைன்

கிழங்கு அண்ணன் சொன்ன மணல் கணக்கை ஏற்கிறேன். மின்நிலையம் நேரடியாகக் கான் வெட்டுக்குக் காசு கொடுப்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை, அது பராமரிப்புச் செலவில் அடங்கும். மாகாணங்களுக்குப் பங்கு என்பதைத்தான் ஏற்கவில்லை.

ஆற்றில் விடும் அளவு பற்றி: மேல் கொத்மலையில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 150 மெகாவொட் திட்டம், 2012இல் தொடங்கியது. சென் கிளயார் அருவிக்காக நாளொன்றுக்கு 47,250 கனமீற்றர், 10 மணி 45 நிமிட நேரத்துக்கு விட வேண்டும் என்று நீதிமன்ற இணக்கத்தில் எழுதப்பட்டது. எண்ணும் நேரமும் எழுதினால் நடைமுறைக்கு வரும் என்பதற்கு இது அத்தாட்சி. தனியாக ஒப்பந்தம் எதற்கு?

பீலிக்கரை

அந்த எண்ணையே பிரித்துப் பாருங்கள். 47,250ஐ 10 மணி 45 நிமிடத்தால் வகுத்தால் நொடிக்கு 1.2 கனமீற்றர். மிச்சம் 13 மணி 15 நிமிடத்துக்கு அந்த இணக்கத்தில் எண்ணே இல்லை. அருவியைப் பார்க்க வருகிறவரின் நேரத்துக்கு எழுதிய எண் அது. ஆற்றுக்கு எழுதியதல்ல. மீனும் கரையில் துவைக்கிறவரும் இரவிலும் இருக்கிறார்கள். கிஷன்கங்காவில் "எந்த நேரத்திலும்" என்று எழுதியது அதனால்தான்.

அளவு எழுதினாலும் எப்படி விடுகிறார்கள் என்பதில்தான் காரியம் கெடுகிறது. வால்வைத் திறந்து விடுவதாக இருந்தால் உச்ச நேரத்தில் இயக்குநருக்கு மூடத் தோன்றும். அடிக்குழாய் வழியாக விடுவதாக இருந்தால் சேறு அடைத்துக்கொள்ளும். சின்ன மின்திட்டங்களின் தடுப்பணைகளில் சரியான முறை, கதவில்லாத ஒரு வெட்டு. மின்நிலையத்துக்கு நீர் எடுக்கும் வாயின் மட்டத்தைவிட அந்த வெட்டின் அடிமட்டம் தாழ்வாக இருக்க வேண்டும். அப்போது முதலில் ஆற்றுக்குப் போகும், மிச்சம்தான் மின்சாரத்துக்கு. அரை மீற்றர் அகல வெட்டில் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் வழிந்தால் நொடிக்கு 0.14 கனமீற்றர். மரக்கட்டையோ பிளாஸ்டிக்கோ அடைத்தால் யாரும் பார்த்துச் சொல்லலாம். புஹுல்பொல போன்ற பெரிய அணையில் நீர்மட்டம் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால் வெட்டு மட்டும் போதாது. அங்கே தனிக்குழாயும், அணைக்குக் கீழே கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிகிற அளவுகோலும், அதன் மாத வாசிப்பும் வேண்டும்.

பீலிக்கு முறை இன்னும் சுலபம். 20 லீற்றர் வாளி, கைபேசிக் கடிகாரம். 25 வினாடியில் நிரம்பினால் நொடிக்கு 0.8 லீற்றர், ஒரு நாளைக்கு 69,000 லீற்றர். மூன்று முறை பிடித்து நடு எண்ணை எழுதுங்கள். காலை ஆறு மணி என்றால் எப்போதும் ஆறு மணி. மழைக்கு மறுநாள் எடுத்த எண்ணைக் கோடையோடு ஒப்பிட்டால் எவரும் ஏற்கமாட்டார்கள், ஆகவே பக்கத்துத் தோட்டத்து மழைமானி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். சுவர் வெடிப்புக்குக் குறுக்கே ஜிப்சம் பட்டை பூசித் திகதி போட்டு வையுங்கள். பட்டை உடைந்தால் வெடிப்பு இன்னும் நகர்கிறது. உடையாவிட்டால் நின்றுவிட்டது. இரண்டுமே வழக்குக்கு உதவும்.

மாகம் நானா

எழுத்தில் எண், அளக்க இடம், கண்ணுக்குத் தெரியும் அளவுகோல் — இவற்றுக்கு நான் உடன்படுகிறேன். எங்களுக்கும் அது தேவை. உச்ச நேரத்தில் நொடிக்கு 20 கனமீற்றர் திடீரென்று இறங்கினால் கீழே ஓயாவில் குளிக்கிற பிள்ளைகளின் கதி என்ன? நேர அட்டவணையும் எச்சரிக்கைச் சங்கும் வேண்டும். உங்கள் மரக்கறித் தோட்டத்து மருந்தும் அதே நீரில்தான் வரும், ஆகவே நீரின் தரத்தையும் அளவீட்டில் சேருங்கள்.

வருமானப் பங்கில் உடன்பாடு இல்லை. வரட்சி ஆண்டுதான் எனக்குப் பயம். நிலையான எண் ஒன்றை ஆற்றுக்கு எழுதிவிட்டால், மழை பாதியாகும் ஆண்டில் குறைவு முழுவதும் எங்கள் தலையில் விழும். சதவீதமாக எழுதச் சொல்லுங்கள்.

சட்டப்பக்கம்

அதற்கு 1906 ஒப்பந்தத்திலேயே ஒரு வழி இருக்கிறது. கடும் வரட்சி வந்தால் மெக்சிகோவுக்குப் போகும் அளவு, அமெரிக்கப் பக்கத்து வயல்களுக்கு எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் குறையும் என்கிறது. நம் வழக்கில் இப்படி எழுதலாம்: ஆற்றில் விடும் அடிப்படை அளவைத் தொடக்கூடாது. அதற்கு மேல் வருவதை மினிப்பேப் பக்கத்துக்கும் கிரிந்தி ஓயாப் பக்கத்துக்கும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். ஒவ்வொரு போகத்துக்கு முன்னும் மகாவலி அதிகார சபையின் நீர் முகாமைத்துவச் செயலகம் கூட்டும் பங்கீட்டுக் கூட்டத்தில் இரண்டு படுகையின் விவசாய அமைப்புகளும் அமர வேண்டும்.

வெலிமடைக் கிழங்கு

அந்தக் கூட்டத்தில் மேட்டுக்காரருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். நாங்கள் வெங்காயத்துக்கும் கிழங்குக்கும் பம்பு வைத்து எடுக்கிற நீர் எந்தக் கணக்கிலும் இல்லை. அணைக்கு வருவது குறைந்தால் முதலில் எங்கள் பம்பைத்தான் நிறுத்தச் சொல்வார்கள்.

மாகம் நானா

அடிப்படை அளவு எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு விகிதம் பேசலாம். ஜனவரி வெள்ளத்தை வைத்து அந்த எண்ணைத் தீர்மானிக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஓகஸ்ட், செப்டெம்பர் ஓட்டத்தை வைத்துச் சொல்லுங்கள்.